திரைமுன் அமர்ந்த பிள்ளையும் வாய்மூடிய வீடும்

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் பிள்ளைகளும் திரைகளும் என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு இவன் அமர்ந்துவிடுவான் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கக்கூடும். கருவியை ஏசிப் பயனில்லை. கருவிக்குக் காதில்லை, நமக்கு உண்டு. ஆகவே நான் பேசப்போவது நம்மைப் பற்றியும், நம் வீட்டில் பிள்ளையின் கால் ஏன் ஓய்ந்தது, அதனோடு வாயும் ஏன் ஓய்ந்தது என்பது பற்றியுமே.

பிள்ளை ஓடியாடாமல் உட்கார்ந்தே கிடக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி வருந்துகிறோம். பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று தமிழாசிரியரிடம் சொல்லி வருந்துகிறோம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வேளையில், ஒரே கரணியத்தால் நிகழ்கின்றன என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கால் ஓய்ந்த பிள்ளையின் வாயும் ஓயும். இதனை உங்கள் முன் எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் முன்னோர் குழந்தையை எவ்வாறு கண்டனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகையே நல்ல சான்று. குழந்தைப் பருவத்தை அவர்கள் பத்தாகப் பகுத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. அதன்மேல் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவற்றுள் மூன்று. ஐந்தாம் திங்களில் தலைநிமிர்த்திக் கையூன்றி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் திங்களில் தளர்நடையிட்டு வருவது வருகை. பதினைந்தாம் திங்கள் அளவில் நிலவை விளையாட அழைப்பது அம்புலி. அதன்பின் மணல்வீடும் பறையும் தேரும் ஊசலும் வருகின்றன.

இவ்வரிசையை ஊன்றிப் பாருங்கள். குழந்தையின் உறுப்பு ஒன்று அசைகிறது. அருகில் இருக்கும் பெரியவரின் வாய் பேசுகிறது. ஆடுக என்கிறது, கொட்டுக என்கிறது, வருக என்கிறது. அசைவும் மொழியும் பிரியாமல் கைகோத்துச் செல்கின்றன. அந்நூல்கள் தெய்வத்தையோ அரசரையோ புலவரையோ பாட்டுடைத் தலைவராகக் கொண்டவை என்பது உண்மையே. ஆயினும் அப்பாவலர்கள் தம் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் கண்ட குழந்தையைக் கொண்டன்றோ அப்பருவங்களை அமைத்தார்கள்?

இனி, 2019-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் ஐந்தகவைக்குட்பட்ட குழந்தைகளுக்கென வெளியிட்ட நெறிமுறைகளைக் கேளுங்கள். தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு 30 மணித்துளியேனும் குப்புறக் கிடந்து தலைநிமிர்த்திப் பழக வேண்டும். ஓரகவை முதல் நாலகவை வரை நாள்தோறும் 180 மணித்துளி, அஃதாவது மூன்று மணி நேரம், ஓடியாட வேண்டும். எந்தக் குழந்தையையும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கட்டிப்போட்டாற்போல் இருத்தி வைக்கலாகாது. ஈரகவை நிரம்பும் வரை திரையே வேண்டா. ஈரகவை முதல் நாலகவை வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. அதனினும் குறைந்தால் மேலும் நன்று. குழந்தை உட்கார்ந்திருக்கும் வேளையில் பெரியவர் அருகிருந்து கதை சொல்லட்டும். நூல் படித்துக் காட்டட்டும். இவை அந்நெறிமுறைகள் கூறுவன. செங்கீரையும் வருகையும் அம்புலியும் இவற்றுள் உங்களுக்குத் தெரியவில்லையா? நம் பாட்டி அறிந்திருந்ததை இன்று ஆய்வு எண்ணிட்டுச் சொல்லுகிறது.

ஐந்து முதல் பதினேழு அகவை வரையுள்ளோர் சராசரியாக நாளுக்கு 60 மணித்துளியேனும் மூச்சு வாங்க ஆடவோ உழைக்கவோ வேண்டும் என்பது அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறி. நடைமுறை என்ன? 2016 வரையிலான உலகக் கணக்குகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, பதினொன்று முதல் பதினேழு அகவை வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 81 பேர் அந்த 60 மணித்துளியை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளுள் 78 பேர். பெண்பிள்ளைகளுள் 85 பேர். பெண்பிள்ளைகளுக்கு ஏழு ஏன் கூடியது? பருவமெய்தியவுடன் தெருவை மறந்துவிடு என்று நாமும் நம்மையொத்த பிற மக்களும் சொல்லி வந்திருக்கிறோம். திரை வருமுன்பே அவளை உட்கார வைத்தவர்கள் நாம்தாம். உட்கார்ந்த இடத்திற்குத் திரை பின்னர் வந்து சேர்ந்தது.

உட்கார்ந்திருப்பதில் என்ன கேடு என்று கேட்கலாம். 1953-இல் மோரிசு என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர் தோழர்களும் இலண்டன் நகரப் பேருந்துத் தொழிலாளர்களை ஆய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். அங்கே ஈரடுக்குப் பேருந்துகள். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குவார். இருவரும் ஒரே வண்டியில் செல்பவர். எனினும் ஓட்டுநரிடையே நெஞ்சாங்குலை நோய் மிகுதியாகவும் நடத்துநரிடையே குறைவாகவும் இருக்கக் கண்டனர். அது வளர்ந்தோர் செய்தி. ஆனால் உட்காரும் பழக்கம் வளர்ந்தபின் வருவதன்று. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நாமே சொல்லும் பழமொழி. 2022-இல் உலகில் ஐந்து முதல் பத்தொன்பது அகவை வரையுள்ளோருள் 39 கோடிப் பேர் எடை மிகுந்திருந்தனர் என்றும், அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் நோயுற்றோர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணக்குக் காட்டியுள்ளது.

அடுத்து, கண். வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை விரைந்து வருகிறது. வீட்டுள் எரியும் விளக்கின் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றினும், வெளியே மரநிழலில் கிடைக்கும் ஒளி அதனினும் பன்மடங்கு மிகுந்தது. அவ்வொளி பட்டால் விழித்திரையில் தோபமின் என்னும் பொருள் சுரந்து, கண்கோளம் அளவிறந்து நீளாமல் தடுக்கிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சீனத்தின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஆறு பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 மணித்துளி வெளியில் விட்டார்கள். வேறு ஆறு பள்ளிகளில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 பிள்ளைகளுக்கே வந்திருந்தது. 2015-இல் வெளிவந்தது இவ்வாய்வு. மருந்தில்லை, செலவில்லை, கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே.

உடலைப் பற்றிச் சொன்னேன். இனி மொழிக்கு வருகிறேன். இங்கே கூடியிருப்போர் தமிழுணர்வு மிக்கவர். ஆகலின் இப்பகுதியைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பத்திரிசியா கூல் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது திங்கட் குழந்தைகளை எடுத்துக்கொண்டனர். ஒரு பகுதிக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, முறைக்கு 25 மணித்துளியாகப் பன்னிரண்டு முறை விளையாடினர். நூல் படித்துக் காட்டினர். கூட்டினால் ஐந்து மணி நேரம். இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு அதே சீனப்பேச்சைப் படம்பிடித்துத் திரையில் காட்டினர். மற்றொரு பகுதிக்கு ஒலியை மட்டும் கேட்பித்தனர். முடிவு என்ன? நேரில் பழகிய குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் கண்டவையும் ஒலியை மட்டும் கேட்டவையும் ஒன்றும் கற்கவில்லை. சீனமே கேளாத குழந்தைகளுக்கும் அவற்றுக்கும் வேறுபாடில்லை!

தமிழன்பர்களே, இதன் பொருள் உங்களுக்கு விளங்குகிறதா? லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் பிரித்தறியும் காது முதலாண்டிலேயே அமைகிறது. அக்காதை அமைப்பது ஓசை மட்டும் அன்று. ஓசையோடு வரும் முகம். குழந்தை ஒன்றைச் சுட்டும். தாய் அதன் பெயரைச் சொல்லுவாள். குழந்தை மழலையில் ஏதோ சொல்லும். தந்தை அதற்கு மறுமொழி தருவார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மொழி வளர்கிறது. திரை சொல்லிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் கேட்காது. குழந்தை என்ன சொன்னாலும் அதற்கு விடை வராது. விடை வராத இடத்தில் குழந்தை பேச்சை நிறுத்திக்கொள்கிறது.

ஆகவே நம் இயக்க அன்பர்கட்கு ஒன்று சொல்லுவேன். ஆங்கிலப் படத்தை நிறுத்திவிட்டுத் தமிழ்ப்படத்தைப் போட்டுக் காட்டுகிறோம், ஆகவே தமிழ்த்தொண்டு செய்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்ளாதீர்கள். ஈரகவைக் குழந்தைக்குத் தூய தமிழில் படம் காட்டினாலும் அது தமிழ் ஆகாது. அடுக்களையில் நின்று, இது கத்தரிக்காய், இதன் காம்பில் முள் இருக்கும், பார்த்துத் தொடு என்று நீங்கள் சொல்லும் ஒரு தொடர் அந்தப் படம் முழுவதையும் விட உயர்ந்தது. பெயர், வினை, எச்சரிக்கை, அன்பு அனைத்தும் அத்தொடரில் உண்டு. கையில் தொட்டுப் பார்க்கக் காயும் உண்டு.

யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் கேடற்றதன்று. 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு திங்கள் முதல் நான்காண்டு வரையிலான 329 குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி பொருத்தப்பட்டது. தொலைக்காட்சி காதில் விழும்படி ஓடிய ஒவ்வொரு மணி நேரத்திற்கும் குழந்தை பெரியவரிடமிருந்து கேட்ட சொற்கள் 770 குறைந்தன. எண்ணிப் பாருங்கள்! மாலையில் மூன்று மணி நேரம் தொடர்கதைகள் ஓடினால், இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சொற்கள் அந்தக் குழந்தையின் காதுக்கு வராமலே போகின்றன. தமிழ்ச்சொல்லை அழிக்கப் பகைவர் வரவேண்டுமா? நம் வீட்டுக் கூடமே போதாதா?

நான் திரையை முற்றாக வெறுப்பவன் அல்லேன். 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 24 முதல் 30 திங்கள் வரையிலான குழந்தைகள் உடனுக்குடன் விடை தரும் காணொளி அழைப்பில் புதுச்சொற்களைக் கற்றன என்றும், பதிவு செய்த படத்தில் கற்கவில்லை என்றும் காட்டியது. கடல் கடந்து வாழும் பேரனோடு பாட்டி நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறார் என்றால் அது நன்றே, விடாமற் பேசட்டும். கண்ணாடித் தகட்டில் குற்றமில்லை. அதற்கு அப்பால் விடை சொல்ல ஓர் உயிர் இருக்கிறதா என்பதே வினா.

இந்நிலைக்கு நாம் எப்படி வந்தோம்? சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகள், ஊராட்சிப் பொதுக்கருவியையோ வசதி படைத்த ஒருவர் வீட்டுக் கருவியையோ தேடிப் பிள்ளைகள் நடந்து போனார்கள். மாலையில் சில மணி நேரம் ஓடிவிட்டு அது தானே நின்றுவிடும். 2006 முதல் அரசே விலையின்றி வழங்கியதால் வண்ணத் தொலைக்காட்சி ஏழை வீட்டுக் கூடத்திற்கும் வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பாடத்தின் பெயரால் கைப்பேசி பிள்ளையின் கைக்கே வந்துவிட்டது. பள்ளி திறந்தது, கைப்பேசி திரும்பவில்லை. பொதுவிடத்திலிருந்து கூடத்திற்கும், கூடத்திலிருந்து கைக்குமாகத் திரை நெருங்க நெருங்க, பிள்ளை நடக்கும் தொலைவு சுருங்கியது. இக்காலத் திரை தானே நிற்பதுமில்லை. ஒரு படம் முடியுமுன் அடுத்தது தொடங்கும். விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவரின் நேரமே அதனை நடத்துவோர்க்கு விளம்பர வருவாய். பிள்ளை எழுந்து போவது அவர்களுக்கு இழப்பு. ஆத்திரேலிய அரசு பதினாறு அகவைக்குட்பட்டோர் குமுக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 திசம்பரில் நடைமுறைப்படுத்தியதும் இக்கேடு உணர்ந்தேயாகும்.

திரை நெருங்கிய அளவிற்கு ஆட்டம் விலகிப் போனது. மொழிஞாயிறு பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். பகலாட்டு, இரவாட்டு எனப் பிரித்து அவர் காட்டும் ஆட்டங்களுள் எத்தனை நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? சடுகுடுவை எண்ணிப் பாருங்கள். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணிக் களத்துட் புகவேண்டும். பாட்டு அறுந்தால் ஆட்டம் போயிற்று. காலும் வாயும் ஒருங்கே இயங்கும் ஆட்டம் அது. பதினான்கு குழியும் புளியங்கொட்டையும் கொண்ட பல்லாங்குழி, கூட்டலையும் கழித்தலையும் விரலுக்குக் கற்பித்தது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி, சிறியோர் பலர் சேர்ந்தால் வலியோரை மடக்கலாம் என்று கற்பித்தது. ஆடத் தெரியாத சின்னஞ்சிறு குழந்தையையும் விலக்காமல், ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொண்ட அந்தப் பண்பாடு எவ்வளவு பெரியது! ஆட்டம் மறைந்தால் அதனோடு அதன் சொற்களும், சண்டையிட்டுக் கூடும் பழக்கமும், தோல்வியைப் பொறுக்கும் உரமும் மறைகின்றன. அகரமுதலியில் அச்சொற்களைக் காத்துவிடலாம். பிள்ளையின் வாயில் இல்லாத சொல் அகரமுதலியில் இருந்து யாது பயன்?

நீங்கள் சொல்லும் தடைகளையும் நான் அறிவேன். தெருவெல்லாம் வண்டி, எங்கே விடுவது என்பீர்கள். மெய்தான். அடுக்கு வீட்டில் முற்றமில்லை, தெருவில் இடமில்லை. அதற்காகத்தான் ஊர்கூடிக் கேட்க வேண்டும். பள்ளித் திடலை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கக் கேளுங்கள். பெற்றோர் முறைவைத்துக் காவல் இருங்கள். மாடி வெட்டவெளியும், கோயில் முன்றிலும், ஊர்ப்பொதுத் திடலும் ஓடுவதற்குப் போதும். வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள் என்பீர்கள். இந்த வினாவைத் தாயிடம் மட்டும் கேட்பதே பிழை. பிள்ளை இருவர்க்கும் பிறந்தது. தந்தை வீடு திரும்பித் தம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையோடு தெருமுனை வரை நடந்தால், தாய் அமைதியாகச் சமைப்பாள். பிள்ளைக்குக் காலும் அசையும், பேச்சும் வளரும்.

ஆகவே உங்களிடம் ஐந்தே வேண்டுகோள்கள் வைக்கின்றேன். முதலாவது, சோறூட்டும் வேளையில் திரை வேண்டா. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய குடி நாம். நிலா இன்றும் வருகிறது. இரண்டாவது, பார்க்க ஆளில்லாத தொலைக்காட்சியை உடனே அணையுங்கள். மூன்றாவது, பகல் வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையை ஒரு மணி நேரமாவது வெளியில் விடுங்கள், மகளையும் விடுங்கள். நான்காவது, படுக்குமிடத்திற்குக் கைப்பேசி வரக்கூடாது. மூன்று நான்கு அகவைப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். அவ்வுறக்கத்திற்கு முன் ஒரு கதை வேண்டும். ஐந்தாவது, கிழமைக்கு ஒரு பழைய ஆட்டத்தைப் பாட்டியோ தாத்தாவோ பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். ஆட்டத்தின் சொற்களோடு கற்பியுங்கள்.

இவ்வைந்தும் பிள்ளைக்கு இடும் கட்டளைகள் அல்ல. நமக்கு நாமே இட்டுக்கொள்ளும் கட்டளைகள். தந்தையின் கண் திரையில் இருக்க, மகனின் கண் மட்டும் நூலில் இருக்காது. தாய் அமர்ந்தே இருக்க, மகள் மட்டும் ஓடமாட்டாள். பிள்ளை நாம் சொல்வதைச் செய்வதில்லை. நாம் செய்வதைச் செய்கிறது.

தமிழை அரசாணையிலும் பெயர்ப்பலகையிலும் காக்கப் போராடுகிறோம். அது வேண்டும், தொடர்ந்து போராடுவோம். ஆனால் தமிழுக்கு முதல் இருப்பிடம் அரசாணை அன்று. ஓடி இளைத்து வியர்த்து வந்து, அம்மா தெரியுமா, இன்றைக்கு என்ன நடந்தது என்று கத்திக்கொண்டே வாயிலில் நுழையும் பிள்ளையின் வாயே அதன் முதல் இருப்பிடம். ஓடாத பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இராது. கேட்பாரற்ற பிள்ளைக்குச் சொல்லவும் தோன்றாது. ஓட இடம் கொடுங்கள். வந்து சொல்லும்போது காது கொடுங்கள். நம் மொழிக்கும் நம் மக்கட்கும் இவ்விரண்டையும் விடப் பெரிய கொடை நம் வீட்டில் இல்லை.

இவ்வளவு நேரம் அமைதியாக அமர்ந்து கேட்டீர்கள். இனி எழுந்திருங்கள், வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.